மரத்தவளை தரையில் சுருண்டு கிடந்தால் முதல் இரவில் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆசைப்பட்டுக் கேட்டான் என்று போன தீபாவளிக்கு ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக் என்ற மரத்தவளை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஐந்து நாளாக எதுவும் சாப்பிடவில்லை. இரவானால் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொள்ளும், அதுவும் இல்லை. தரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. தொட்டி மகன் அறையில் இருக்கிறது, ஏ.சி. 20-ல் ஓடும். கிண்ணத்தில் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்து, வாயைத் திறந்து விடச் சொன்னார். சரியாகாவிட்டால் எடுத்து வாருங்கள், வேறு மாற்றித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்? - மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்தச் சொட்டு மருந்தை விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தவளையைக் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இன்று இரவு அதற்கு வேண்டியது மருந்தும் இல்லை, தீனியும் இல்லை. சூடும் நல்ல தண்ணீரும்தான்.

முதலில் அதை ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுங்கள். தவளைக்கு நம்மைப் போல உடம்புக்குள் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்று எப்படியோ அப்படித்தான் அதன் உடம்பும். 20 டிகிரியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் வயிறு மந்தமாகிவிடும், தின்ற பூச்சி செரிக்காமல் உள்ளேயே கிடக்கும், நோயை எதிர்க்கிற சக்தியும் படுத்துவிடும். ஏ.சி. காற்று தோலையும் காயவைக்கும். உங்கள் தவளையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளும் நியூ கினியின் தென்பகுதியும். நம் ஊர்ச் சூடு அதற்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். உடம்பு சரியில்லாதபோது 26 முதல் 28 டிகிரி இருந்தால் போதும். சென்னையில் அதற்கு ஹீட்டர் எதுவும் வேண்டாம், ஹாலில் வெயில் படாத மூலை போதும். ஃபேன் நேராக அடிக்கக் கூடாது. பால்கனி கூடவே கூடாது; மே மாதம் பால்கனியில் வைத்த கண்ணாடித் தொட்டி அடுப்புதான்.

அடுத்தது தண்ணீர். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் இறங்கியதும் பின்கால்களை அகட்டி, வயிற்றைத் தரையோடு அழுத்தி உட்காரும், பார்த்திருப்பீர்கள். அது குளியல் இல்லை, குடிப்பது. அதனால் தண்ணீரில் எது இருக்கிறதோ அது நேராக ரத்தத்துக்குப் போகும். தண்ணீரில் எது இல்லையோ அதுவும் பிரச்சினைதான். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர், உப்பே இல்லாத அளவுக்கு வடிகட்டியது. பலவீனமான தவளை அதில் வெகுநேரம் உட்கார்ந்தால் உடம்பில் இருக்கிற உப்பு வெளியே கசியும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். இன்று இரவுக்கே வேண்டுமென்றால் மீன் தொட்டிக் கடைகளில் ஆன்டி-குளோரின் சொட்டு கிடைக்கும், அட்டையில் போட்டிருக்கும் அளவு மட்டும் விடுங்கள். உங்கள் பக்கம் சில தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அது ஆகாது.

ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி, மூடியில் ஓட்டை போடுங்கள். அடியில் வெள்ளை கிச்சன் டிஷ்யூவை நனைத்து விரியுங்கள். இதுதான் ஆஸ்பத்திரிக் கட்டில். தொட்டியில் இருக்கிற கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), கூழாங்கல் எதுவும் இதற்குள் வரக் கூடாது. பூச்சியோடு சேர்த்து அதை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்ட தவளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளை டிஷ்யூ என்றால் மலம் போனதா, அதில் ரத்தமோ புழுவோ இருக்கிறதா என்பதும் தெரியும். காலை, மாலை டிஷ்யூவை மாற்றுங்கள்.

அதோடு ஒரு நாளைக்கு இரண்டு முறை, கால் மணி நேரம், வெதுவெதுப்புக்கும் கீழான தண்ணீரில் உட்காரவையுங்கள். ஆழம் அதன் முன்கை முட்டி வரைதான். நோயாளித் தவளை தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும், ஆகவே பக்கத்திலேயே இருங்கள். தொடுவதற்கு முன் கையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு, சானிடைசர், கிரீம் வாசனைகூடக் கையில் இருக்கக் கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம், கழுவித்தான் ஆக வேண்டும், தவளை தோலில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். மஞ்சள்தூள், டெட்டால், வலி மரக்க வைக்கும் களிம்பு எதையும் அதன் மேல் தடவாதீர்கள். மஞ்சள் நமக்கு மருந்து. சுவாசிக்கிற, தண்ணீர் குடிக்கிற தோலின் மேல் பூசினால் அது அடைப்பு.

நாளை காலை மூன்று விஷயம் பாருங்கள். தவளையை உள்ளங்கையில் மெல்ல மல்லாக்கப் போடுங்கள். ஆரோக்கியமான தவளை கண் இமைக்கும் நேரத்தில் புரண்டுவிடும். புரள முடியாமல் கிடந்தால் அன்றே டாக்டர். அடிவயிறும் தொடையும் சிவந்திருக்கிறதா பாருங்கள்; சிவந்திருந்தால் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம், அதுவும் அன்றே டாக்டர். பிறகு கீழ்த்தாடையைச் சுண்டுவிரல் நுனியால் தொடுங்கள், அழுத்தக் கூடாது. எலும்பு போலத் திடமாக இருக்க வேண்டும். ரப்பர் போல வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கால்விரல்கள் துடிப்பதும் அதன் அடையாளம்தான். தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்ம் புழுவிலும் கால்சியம் கொஞ்சம், பாஸ்பரஸ் பல மடங்கு. கால்சியம் பொடி தூவாமல் மாதக்கணக்கில் அதையே போட்டால் தவளை தன் எலும்பையே கரைத்து உயிர் வாழும். அந்தத் தாடையைப் பிடித்துத் திறந்துதான் சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அப்படி உடைந்த தாடையோடு என் மேசைக்கு வந்தவை உண்டு.

பயப்பட வேண்டாத சமயம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி ஃபோன் அதற்காகத்தான் வருகிறது. மரத்தவளை தோல் உரிக்கும். உரிக்கும்போது முதுகைக் கூனி, உடம்பை உப்பவைத்து, வாயைத் திறந்து திறந்து மூடும். மூச்சு முட்டுகிறது என்றே நினைப்பீர்கள். பின்கால்களால் விலாவை வழிக்கும், முன்கையால் தலையைத் துடைத்து வாய்க்குள் தள்ளும். உற்றுப் பார்த்தால் வாய் ஓரத்தில் பால் ஆடை போல ஒரு மெல்லிய படலம் உள்ளே போவது தெரியும். தன் தோலையே தின்கிறது, தின்னட்டும். கொஞ்ச நேரத்தில் முடிந்து பளபளவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து எதையோ எடுக்கப் போகாதீர்கள். அதுபோல, பகல் முழுக்க இலையிலோ கண்ணாடியிலோ கைகால்களை மடக்கி ஒட்டிக்கொண்டு தூங்குவதும் சோர்வு அல்ல. இது ராத்திரிப் பிராணி. நிறம் பழுப்பாவது தனியாக ஒரு நோயும் அல்ல. ஆனால் அம்மா, நீங்கள் எழுதியிருப்பது இது அல்ல. இரவிலும் ஏறவில்லை, தரையில் கிடக்கிறது, ஐந்து நாள் பட்டினி. மூன்றும் சேர்ந்தால் நோய்தான். உரித்த தோல் துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதக்கிறது, தின்னக்கூட இல்லை, நாள்தோறும் உரிகிறது என்றாலும் அப்படியே.

அப்படி அடிக்கடி தோல் உரிந்தால் என் முதல் சந்தேகம் கைட்ரிட் என்ற பூஞ்சை. உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்த பூஞ்சை அது. 1990-களின் கடைசியில்தான் அடையாளம் கண்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கண்டிருக்கிறார்கள். தோலில் குடியேறி, உப்பை உள்ளே இழுக்கும் வேலையைக் கெடுக்கும். உடம்பில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும். இந்தப் பூஞ்சைக்கு 17 முதல் 25 டிகிரி வரைதான் கொண்டாட்டம், 28-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். உங்கள் மகன் அறையின் ஏ.சி. எத்தனையில் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மருந்து உண்டு. இட்ராகோனசோல் கரைசலில் தினம் ஐந்து நிமிடம், பதினோரு நாள் நனைப்பது பலகாலமாக நடக்கிற முறை. ஆனால் மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான கேப்ஸ்யூலைப் பிரித்துக் கரைக்கலாமா என்று கேட்காதீர்கள். தண்ணீரில் அது கரையாது, அளவு தப்பினால் மருந்தே கொன்றுவிடும். அந்தக் கணக்கு டாக்டருடையது.

இப்போது கடைக்கு வருகிறேன். மாற்றித் தருகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் திருப்பிக் கொடுக்கும் தவளை எங்கே போகும்? அதே கடையில் அதே தொட்டிக்குத்தான் போகும், அங்கிருந்துதான் உங்களுக்கு அடுத்த தவளை வரும். மூன்று வருஷத்துக்கு முன் சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றி ஒரு தவளையைக் கொண்டுவந்தார், ராத்திரி பஸ்ஸில். எட்டு மாதத்தில் அது மூன்றாவது தவளை. முதல் இரண்டும் இதே மாதிரி சோர்ந்துபோய், கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றியவை. மூடியைத் திறந்தபோது அதன் தொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, மல்லாக்கப் போட்டால் அப்படியே கிடந்தது. மறுநாள் போய்விட்டது. அந்தப் பையன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் என்ன தப்புப் பண்ணினேன் சார் என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. ஒரே தொட்டித் தண்ணீரில் நின்ற தவளைகளை அடுத்தடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

லேபிள் இல்லாத சொட்டு மருந்தும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள், இம்போர்ட்டட் வைட்டமின் என்பார்கள். பெயர் எழுதாத மருந்தை மாட்டுக்குக்கூட நாங்கள் போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் மருந்து சொல்கிறேன் என்று பணம் வாங்குகிற எக்ஸாடிக் (வெளிநாட்டுச் செல்லப்பிராணி) நிபுணர்கள் வேறு கிளம்பியிருக்கிறார்கள். அவரிடம் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு பயமும் பலரை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவில்லையே, பிடித்துவிடுவார்களோ என்று. 2024-இல் வந்த பதிவு விதி, சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கானது. சிவப்புக் கண் மரத்தவளை அதில் உண்டு, உங்கள் ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக் இல்லை. இதற்குச் சர்டிபிகேட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். விதி போட்டவர்கள் தவளை விற்கும் கடையில் ஒரு பூஞ்சைப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியிருந்தால் இத்தனை சாவு இருக்காது. காகிதம் கேட்கிறார்கள், நோயைக் கேட்பதில்லை. எங்கள் கால்நடை மருத்துவப் படிப்பும் அப்படித்தான். ஐந்தரை வருஷம் மாடு, ஆடு, கோழி, நாய் என்று படித்துவிட்டு வெளியே வருகிறோம். தவளையைத் தொட்டுப் பார்க்காத டாக்டர்கள்தான் அதிகம், குறை அவர்கள் மேல் இல்லை.

அதனால் போகுமுன் ஃபோன் செய்து, தவளை பார்ப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், அங்கேயும் விசாரியுங்கள். போகும்போது ஐஸ்கிரீம் டப்பாவிலேயே, ஈர டிஷ்யூவோடு கொண்டுபோங்கள். காரில் ஏ.சி. வேண்டாம். புதிதாகப் போன மலம் ஒரு சின்ன டப்பாவில், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில், அந்தச் சொட்டு மருந்துப் புட்டியும் கூடவே. வீட்டில் கிச்சன் தராசு இருந்தால் டப்பாவோடு நிறுத்து, டப்பா எடையைக் கழித்துத் தினமும் எழுதி வையுங்கள். முதல் நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

தீனிக்கு அவசரமே இல்லை. நல்ல வளர்ந்த தவளை சில வாரம்கூடப் பட்டினி தாங்கும். தானாக மலம் போய், இரவில் டப்பா சுவரில் ஏற ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு சின்ன கிரிக்கெட், கால்சியம் பொடியில் புரட்டி, காட்டுங்கள். தின்றால் இரண்டு நாள் கழித்து அடுத்தது. தின்னாவிட்டால் பூச்சியை எடுத்துவிடுங்கள். ராத்திரியில் கிரிக்கெட் தவளையைக் கடிக்கும்.

அது டப்பாவில் இருக்கும் நாட்களில் பழைய தொட்டியைக் காலி செய்து, கோகோபீட்டைக் குப்பையில் கட்டிப் போட்டு, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்திலோ மழைநீர் வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், டாய்லெட்டில் ஊற்றுங்கள். நம் ஏரித் தவளைகளுக்கு அது போகக் கூடாது. யாராவது பாவம் என்று சொல்லி ஏரியில் விட்டுவிடச் சொன்னாலும் விடாதீர்கள்.

மகனையே எடை பார்க்கச் சொல்லுங்கள். நான்கு நாள் எடையும், தாடை எப்படி இருந்தது, மல்லாக்கப் போட்டால் புரண்டதா என்பதும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.