திருநெல்வேலிப் பக்கம் வாக்கப்பட்டுப் போகிறேன். எந்தெந்த வார்த்தையை நேராகச் சொல்லக் கூடாது?

கேட்பவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் வழக்கு மாறும். 'எங்க வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டோமே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சின்ன விஷயங்கள் சீக்கிரம் பழகிவிடும். கிளம்பும்போது 'போறேன்' கிடையாது, 'வாரேன்'தான். விளக்கை அணைக்கக் கூடாது, அமத்த வேண்டும். தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிட்டு'. அரிசி, உப்பு, மஞ்சள் தீர்ந்தால் 'இல்ல' என்று வாயில் வராது, 'நெறைஞ்சிட்டு' என்பார்கள். அத்தை 'உப்பு நெறைஞ்சிட்டும்மா' என்றால் கடைக்கு ஆள் அனுப்புங்கள். நிறைய இருக்கிறது போல என்று இருந்துவிட்டால் மத்தியானக் குழம்பு சப்பென்று இருக்கும்.

'விசேஷம்' ஆளை ஏமாற்றும். கல்யாண வீடு விசேஷ வீடு. புதுப்பெண்ணைப் பார்த்து 'விசேஷம் உண்டா?' என்றால் முழுகாமல் இருக்கிறாயா என்று அர்த்தம். '16-ம் நாள் விசேஷம்' என்றால் கருமாதி. பட்டுச்சேலையை எடுக்குமுன் என்ன விசேஷம் என்று கேட்டுவிடுங்கள்.

சாவைச் சொல்லும் முறைதான் முக்கியம். 'செத்துட்டாரு' கிடையவே கிடையாது, 'தவறிட்டாவ'. வெளியூரில் இருப்பவர்களுக்குப் போனில் அதையும் சொல்ல மாட்டார்கள். 'கொஞ்சம் சீரியஸா இருக்காவ, கெளம்பி வாங்க' என்பார்கள். வழியில் பதறக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். திருப்பி 'உயிர் இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?' என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி பேரும் வார்டும் வந்தால் உண்மையிலேயே சீரியஸ். 'நேரா வீட்டுக்கே வந்துருங்க' என்று வந்தால் புரிந்துகொண்டு, 'எத்தனை மணிக்கு எடுக்காவ?' என்பதை வேறு சொந்தக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வண்டி ஏறுங்கள். துட்டி வீட்டிலிருந்து, அதாவது சாவு வீட்டிலிருந்து, திரும்பும்போது அந்த 'வாரேன்' மட்டும் கூடாது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்த மறைப்பெல்லாம் வீட்டோடு நிற்க வேண்டும், டாக்டர் முன்னால் உடைத்துப் பேச வேண்டும். பாம்பு என்று ராத்திரி சொல்லக் கூடாது என்பதால் 'பூச்சி' என்பார்கள். வீட்டுக்குள் சரி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி வாசலில் போய் 'பூச்சி கடிச்சிட்டு' என்றால், சீட்டு எழுதுபவர் குளவியா பூரானா என்றுதான் நினைப்பார். கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. பாயில் தூங்குகிறவரைக் கடித்திருக்கும், பல் பட்ட இடமே தெரியாது. சில மணி நேரத்தில் கண் இமை சொருகும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு. ஆகவே முதல் வார்த்தையே 'பாம்பு' என்று இருக்கட்டும், கடித்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடித்துக் கொண்டுபோக வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

அடுத்தது 'தூரம்', அதாவது மாதவிலக்கு. நாள் தள்ளிப்போய் டாக்டரிடம் போனால் கடைசியாகத் தூரமான தேதி கேட்பார். கூட வந்த பெரியவர்கள் 'தலைக்கு ஊத்துன' தேதியைச் சொல்லிவிடுவார்கள். டாக்டருக்கு வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாள். அதிலிருந்து 280 நாள் கூட்டித்தான் பிரசவத் தேதி குறிப்பார்கள். குளித்த நாளைச் சொன்னால் கணக்கு மூணு நாலு நாள் பிந்திப்போகும். முதல் ஸ்கேனில் திருத்தலாம், ஆனாலும் தேதியை நீங்களே காலண்டரில் குறித்து வைத்து நீங்களே சொல்லுங்கள்.

இடையில் ஒன்று. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேசுகிற ஜனங்களைத்தான் சினிமாவிலும் சீரியலிலும் வரிக்கு வரி 'ஏலே' போட்டு, கையில் அருவாளைக் கொடுத்து நிறுத்துகிறார்கள். 'ஏலே' எல்லோரிடமும் சொல்கிற சொல் கிடையாது. வயதில் சின்னவன், கூட்டாளி, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 'வாங்க', 'இருக்காவ'தான். அந்த நடிகர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டு மாமனார் முன்னால் நிற்காதீர்கள்.

கல்யாணப் பேச்சில் 'நாங்க ஒண்ணும் கேக்கல, ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யுததைச் செய்ங்க' என்றால் எதிர்பார்ப்பு இல்லை என்று அர்த்தமில்லை. பவுன் கணக்கு தரகர் வாய் வழியாகப் பின்னால் வரும். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் 'வரதட்சணை' என்ற சொல்லை மட்டும்தான் கைவிட்டிருக்கிறார்கள். இதை உங்கள் அப்பாவிடமும் காட்டுங்கள்.

கடைசியாக, 'அம்மா வந்திருக்கா' என்றால் விருந்தாளி இல்லை, அம்மை போட்டிருக்கிறது. மூணு, அஞ்சு, ஏழு என்று நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணி ஊற்றியதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். தண்ணி ஊற்றுவதற்கும் தொற்று நிற்பதற்கும் சம்பந்தமில்லை. கொப்புளம் அத்தனையும் பொருக்குத் தட்ட வேண்டும், அதுவரை பரவும். மாத்திரை கொடுப்பதென்றால் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன், பெரியவர்களுக்கு அம்மை போட்டால் இது ரொம்ப அவசியம். வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்கவில்லை, கட்டிய அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள். முழுகாமல் இருக்கிற சமயத்தில், முன்னால் அம்மை போட்டதில்லை என்றால், அந்த வீட்டுக்குள் போகவே வேண்டாம்.