பாதியில் நிற்கும் 'வெள்ளை யானை' வாசிப்புக்கு

வணக்கம். ஆறு பேர் சேர்ந்து ஜெயமோகனின் 'வெள்ளை யானை' நாவலைப் படிக்க ஆரம்பித்தோம், பஞ்சக் காட்சிகளைத் தாண்ட முடியாமல் நாலு பேர் பின்தங்கிவிட்டார்கள், புத்தகத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள்.

வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று வைத்தால் இந்த மாதிரி நாவல் ஓடாது. அத்தியாயக் கணக்கு வையுங்கள்; பஞ்சப் பகுதி வரும் வாரம் அதிலும் பாதி போதும். அந்தப் பக்கங்களைத் தனியாகப் படிப்பதுதான் கஷ்டம். கூடும்போது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வாசித்ததும் கருத்துச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

அப்புறம், சென்னையில் இருந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே ஏன் படிக்க வேண்டும்? 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத்தான் பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். இன்று அதில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ்தான் கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லம். அடுத்த கூட்டத்தை அதற்கு எதிரே மெரினா மணலில் வையுங்கள். நாவலில், ஊரே பட்டினி கிடந்தபோது துரைமார்களின் கோப்பைக்காகப் பாளம் பாளமாகப் பனிக்கட்டி சுமந்தவர்களின் கோபம் அங்கே உட்கார்ந்து படித்தால் இன்னும் நெருக்கமாகப் புரியும்.

பின்தங்கியவர்களை முதலிலிருந்து துரத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே பத்து நிமிடம் கதையைச் சொல்லிவிட்டு, இப்போது நிற்கும் அத்தியாயத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டதை அவர்கள் பிறகு படித்துக்கொள்ளலாம்.