வரி எங்கே முடிகிறது? டெல்நெட், சீரியல் தரவோட்டம் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கணினிப் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுள், வரிமுடிவு பற்றியவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். சிஆர் என்று நான் குறிப்பது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும், 13 என்ற மதிப்புடைய கேரியேஜ் ரிட்டர்ன்; எல்எஃப் என்பது, அடுத்த வரிக்குச் செல்லச் சொல்லும், 10 என்ற மதிப்புடைய லைன் ஃபீட்; நல் என்பது 0 மதிப்புடைய வெற்று எழுத்து.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் ஆலையின் எடைமேடைக் கருவியை, சீரியல் கம்பியை நெட்வொர்க்கில் சேர்க்கும் கன்வெர்ட்டர் வழியாக அலுவலகக் கணினியுடன் இணைத்தோம். லோரி ஏறி நின்றதும் பொத்தானை அழுத்தினால், அதற்கு முன் நின்ற லோரியின் எடைதான் திரையில் வருகிறது. காலையில் வரும் முதல் லோரிக்கு வெறும் வரி வருகிறது. கன்வெர்ட்டர் பழுதா?

பதில்: கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம்; நீங்கள் சொல்லும் அடையாளமே நோயைக் காட்டிவிடுகிறது. சில எடைக் கருவிகள் ஒவ்வோர் எடையின் தொடக்கத்திலும் எல்எஃப் அனுப்பி, பிறகு எண்களை அனுப்பி, சிஆர் எழுத்தோடு முடிக்கும். உங்கள் நிரலோ எல்எஃப் வந்தால்தான் வரி முடிந்தது என்று கொள்கிறது. ஆகவே முதல் எல்எஃப் வந்தவுடன் அது ஒரு வெற்று வரியைப் பெறுகிறது. 12480 என்ற எடையும் சிஆரும் வந்து நினைவகத்தில் காத்துக் கிடக்கின்றன. அடுத்த லோரிக்கான எல்எஃப் வந்த பிறகே அந்த 12480 வெளியே வருகிறது. சிஆர் வந்ததும் வரியை முடித்துக்கொள்ளுங்கள். அதையடுத்து வரும் எல்எஃப் ஒன்றைத் தள்ளிவிடுங்கள். திருத்துவதற்கு முன், பைட்டுகளை எண்களாகக் காட்டும் கருவியில் ஓர் எடையைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: கன்வெர்ட்டர் பொருத்திய நாள் முதல் அச்சிட்ட சீட்டுகள் அனைத்தையும் சரிபாருங்கள். குலையின் எடையை நம்பித்தான் சிறுதோட்டக்காரருக்குப் பணம் போகிறது.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் கணினிக் கழகம் நடத்துகிறேன். ஒரு வரியை முடிக்க இரண்டு எழுத்துகள் ஏன் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: பழைய தோட்ட அலுவலகங்களில் கிராணி தட்டச்சு செய்ததைப் பார்த்திருப்பீர்கள், அம்மா. நெம்புகோலை ஒரு முறை தள்ளினால் தாள் ஒரு வரி உயரும். உருளையும் தொடக்கத்துக்குத் திரும்பும். கைக்கு ஒரே அசைவாகத் தோன்றும் அவை உண்மையில் இரண்டு வேலைகள். கம்பி வழியாக வரும் எழுத்துகளைத் தாளில் அச்சிடும் டெலிடைப் எந்திரங்கள், 1963 இல் வந்த மாடல் 33 போன்றவை, அவற்றைத் தனித்தனி எழுத்துகளாக வைத்திருந்தன. அந்த எந்திரம் நொடிக்கு 10 எழுத்துகள் அச்சிடும். அச்சுத் தலை வலக்கோடியிலிருந்து திரும்பிவர ஓர் எழுத்தின் நேரம் போதாது. சிஆரை முதலில் அனுப்பி எல்எஃபைப் பின்னால் அனுப்பினால், தாள் உயரும் நேரத்தில் தலையும் வந்து சேர்ந்துவிடும். யூனிக்ஸ் இயங்குதளம் எல்எஃப் ஒன்றையே கோப்புகளில் வைத்துக்கொண்டது. நெட்வொர்க் வழக்கு இரண்டையும் வைத்துக்கொண்டது.

கேள்வி: ஐயா, கல்லூரிப் பணிக்காக டெல்நெட் சர்வர் ஒன்று எழுதுகிறேன். என்டர் தட்டினால் சில வேளைகளில் கட்டளைக்குப் பிறகு ஒரு வெற்று வரியும் வருகிறது. சிஆர் வந்ததும் அடுத்த பைட்டைப் படித்துப் பார்க்குமாறு மாற்றினேன். இப்போது சிலருக்கு நிரல் உறைந்து நிற்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் முதலில் செய்ததும் பிறகு செய்ததும் பலரும் செய்வன, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டெல்நெட் என்பது நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியில் கட்டளை தட்டுவதற்கான நெறிமுறை. 1983 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 854 என்ற இணைய விதி ஆவணத்தின்படி, அதில் புதிய வரிக்கு சிஆர் எல்எஃப். வரி மாறாமல் தொடக்கத்துக்கு மட்டும் திரும்ப சிஆர் நல். சிஆர் தனியாக வரக் கூடாது. சிஆரையும் அதையடுத்து வரும் எல்எஃபையும் தனித்தனி வரிமுடிவாக எண்ணினால் வெற்று வரி வரும். என்டர் விசைக்குச் சில கிளையண்டுகள் சிஆர் எல்எஃபையும் சில சிஆர் நல்லையும் அனுப்புவதால், உள்ளீட்டில் சர்வர் இரண்டையும் ஒன்றாகவே ஏற்க வேண்டும் என்று 1989 இன் ஆர்எஃப்சி 1123 விதித்தது. ஆனால் டெல்நெட்டைச் சுமந்து செல்லும் டிசிபி பைட்டுகளின் ஓட்டமே தவிர வரிகளின் ஓட்டம் அன்று. சிஆர் ஒரு பாக்கெட்டின் கடைசியிலும் எல்எஃப் அடுத்ததன் முதலிலும் வரலாம். விதியை மீறும் கிளையண்டாக இருந்தால் இரண்டாவது பைட் வராமலே போகலாம். அதற்காகக் காத்திருப்பதுதான் உங்கள் நிரல் உறைவதற்குக் காரணம்.

எனவே காத்திருக்காதீர்கள். சிஆர் வந்த கணமே வரியை மேலே கொடுத்துவிட்டு, ‘இப்போது வந்தது சிஆர்’ என்று ஒரு குறியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பைட் எப்போது வந்தாலும், அது எல்எஃப் அல்லது நல் என்றால் விழுங்கிவிடுங்கள். எதுவானாலும் முதலில் குறியை அழித்துவிடுங்கள். வேறு எழுத்தாக இருந்தால், மீண்டும் சிஆராக இருந்தாலும், புதிய வரியில் வந்ததாகக் கொண்டு வழக்கம்போல் கையாளுங்கள். முன்னால் சிஆர் இல்லாமல் வரும் எல்எஃபும் வரியை முடிக்கட்டும். அந்தக் குறி ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக இருக்க வேண்டும். படிக்கும் செயற்கூறுக்குள் வைத்தால் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். சோதிக்கும்போது சிஆரை அனுப்பி, இரண்டு நொடி விட்டு எல்எஃபை அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: வெளியீட்டிலிருந்து சிஆர் எழுத்துகளை மொத்தமாக நீக்கிவிட்டால் தொல்லை தீராதா?

பதில்: தீராது. பதிவிறக்கத்தின் விழுக்காடு ஒரே வரியில் ஏறிக்கொண்டே போவது எல்எஃப் சேராத சிஆரால்தான். நீக்கினால் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீண்டுவிடும்.

கேள்வி: எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக எங்கள் நிரலை இயக்கினால், மலைச்சரிவில் வெட்டிய படித்தளம்போல ஒவ்வொரு வரியும் வலப்புறமாக இறங்கிச் செல்கிறது.

பதில்: நிரல் டெர்மினலை ரா நிலைக்கு, அதாவது எழுத்துகளை மாற்றாமல் அப்படியே விடும் நிலைக்கு, மாற்றிவிட்டு எல்எஃப் மட்டும் அனுப்புகிறது. வழக்கமான நிலையில் எல்எஃபுக்கு முன் சிஆரைச் சேர்ப்பது சர்வரில் உள்ள டெர்மினல் இயக்கி. எஸ்எஸ்எச் அந்த வேலையைச் செய்வதில்லை. ரா நிலையில் இருக்கும்வரை சிஆர் எல்எஃப் இரண்டையும் நீங்களே எழுதுங்கள். வெளியேறும்போது பழைய நிலையை மீட்டுவிடுங்கள். நிரல் பாதியில் விழுந்து திரை அப்படியே நின்றுவிட்டால், ‘எஸ்டிடிஒய் சேன்’ (stty sane) என்ற கட்டளை அதைச் சீராக்கும்.

கேள்வி: கன்வெர்ட்டர் வழியாகப் படக்கோப்பு அனுப்பினால் கெட்டுப்போகிறது. ஆனால் எழுத்துக் கோப்பு நன்றாகப் போகிறது.

பதில்: கன்வெர்ட்டர் டெல்நெட் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் 13 க்குப் பின் ஒரு 0 நுழையும், 255 இரட்டிக்கும். பைனரி விருப்பத்தை இரு பக்கமும் ஏற்றால் முதலாவது நின்றுவிடும், 255 இன் இரட்டிப்பு நிற்காது. கன்வெர்ட்டரில் ரா டிசிபி நிலை இருந்தால் அதற்கு மாற்றிவிடுவதே எளிது.