எதிராளியின் இன்சூரன்ஸ் 30,000 டாலர், சிகிச்சைச் செலவு 1,50,000

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். சிவப்பு சிக்னலை மதிக்காமல் வந்த ஒருவர் என் கணவரின் காரில் மோதியதில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் சேர்த்துச் செலவு 1,50,000 டாலரைத் தொட்டுவிட்டது. தவறு முழுக்க அந்த ஓட்டுநருடையது என்று போலீஸ் அறிக்கையே சொல்கிறது. அவருடைய இன்சூரன்ஸில் இருப்பதோ 30,000 டாலர்தான். "முழுத் தொகையையும் தருகிறோம், ரிலீஸ் பத்திரத்தில் (இனி ஓட்டுநரிடம் எதுவும் கேட்கமாட்டோம் என்ற விடுவிப்பு) கையெழுத்துப் போடுங்கள்" என்கிறது அந்த நிறுவனம். மீதிக்கு அவர் மீது வழக்குப் போடலாமா? எங்களிடம் ‘ஃபுல் கவரேஜ்’ பாலிசி இருக்கிறது, அது உதவுமா?

பதில்: கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் பணம் எதிராளியிடம் இருப்பதைவிட, உங்கள் சொந்த பாலிசியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் அதையும் சிக்கலாக்கிக்கொள்வீர்கள்.

‘ஃபுல் கவரேஜ்’ என்பது ஏஜென்ட் வாய்வார்த்தை, அதை நம்ப வேண்டாம். பாலிசியின் முதல் பக்கங்களில் இருக்கும் டெக்லரேஷன்ஸ் பக்கத்தை எடுங்கள். ‘அன்இன்சூர்டு / அண்டர்இன்சூர்டு மோட்டாரிஸ்ட்’ என்ற வரிக்கு எதிரே 1,00,000 என்பதுபோல ஓர் எண் இருக்கும், அல்லது ‘ரிஜெக்டெட்’ என்று இருக்கும். எதிராளியின் காப்பீடு போதாதபோது உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனமே ஈடுகட்டும் கவரேஜ் இதுதான். டெக்சாஸில் இதை வேண்டாம் என்று சொல்வதானால் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதனால் ‘ரிஜெக்டெட்’ என்று இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், மறுத்துப் போட்ட கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிஐபி (பர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷன்) வரியையும் அப்படியே பாருங்கள். யார் மேல் தவறு என்று பார்க்காமல் கிடைக்கும் சிறு தொகை அது.

கணக்கு இப்படி: உங்கள் நஷ்டம் 1,50,000 என்று நிலைநாட்டினால் எதிராளியின் 30,000 கழிந்து 1,20,000 மிச்சம். உங்கள் கவரேஜ் 1,00,000 என்றால் அது முழுவதும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது. கழிப்பது நஷ்டத்தொகையிலிருந்துதான், உங்கள் கவரேஜ் வரம்பிலிருந்து அல்ல. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வரம்பிலிருந்தே கழிப்பார்கள். ஆகவே அங்கிருக்கும் நண்பர்கள் சொல்லும் கணக்கை இங்கே போடாதீர்கள்.

இப்போது அந்த ரிலீஸ் பத்திரத்துக்கு வருவோம். உங்களுக்குக் கொடுக்கும் தொகையை ஓட்டுநரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு. நீங்கள் அவரை விடுவித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால்தான், எங்கள் சம்மதம் இல்லாமல் சமரசம் செய்யக்கூடாது என்று பாலிசியில் எழுதி வைத்திருப்பார்கள். 30,000 வாங்குமுன் உங்கள் நிறுவனத்துக்கு எழுதி, எழுத்துமூலம் சம்மதம் பெறுங்கள்.

அப்புறம், உங்கள் நிறுவனம் உடனே பணம் தந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஓட்டுநரின் பொறுப்பும் நஷ்டத்தொகையும் தீர்ப்பாகும்வரை இந்தக் கவரேஜில் பணம் தரும் கட்டாயமில்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2006-ல் பிரைனார்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. பிரீமியம் வாங்கியவர்களே எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்து நிற்பார்கள். எரிச்சல்தான், ஆனால் சட்டம் அப்படி.

ஓட்டுநர் மீது வழக்குப் போடலாம். தீர்ப்பும் வாங்கலாம். வசூல்தான் சந்தேகம். அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும் சம்பளத்தையும் இந்த மாதிரிக் கடனுக்குத் தொட டெக்சாஸ் சட்டம் விடாது. குறைந்தபட்ச காப்பீடு மட்டும் வைத்திருப்பவரிடம் வேறு சொத்து இருப்பது அபூர்வம். அதனால் நான் வேறு கேள்விகளைக் கேட்பேன்: மோதியபோது அவர் வேலை நிமித்தம் ஓட்டினாரா? அப்படியானால் முதலாளியும் பொறுப்பாளி. குடித்திருந்தாரா? நிதானம் இழந்தது கண்கூடாகத் தெரிந்தும் ஊற்றிக்கொடுத்த பார் மீதும் வழக்குப் போட இடமுண்டு. வேறொருவர் காரா? அந்த காருக்குத் தனி பாலிசி இருக்கலாம். அம்ப்ரெல்லா பாலிசி, அதாவது சாதாரண காப்பீட்டு வரம்புக்கு மேல் ஈடுகட்டும் கூடுதல் பாலிசி, அவருக்கு உண்டா என்றும் விசாரியுங்கள்.

எதிராளியின் இன்சூரன்ஸ் நிறுவனம் 30,000-ஐத் தர மறுத்திருந்தால் கதையே வேறு. வரம்புக்குள் கேட்ட நியாயமான தொகையை மறுத்து, பிறகு அதைவிடப் பெரிய தீர்ப்பு வந்தால், மிஞ்சிய தொகையும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். 1929-ல் வந்த ஸ்டவர்ஸ் தீர்ப்பு அது. அதனால்தான் இவ்வளவு சுறுசுறுப்பாக செக்கை நீட்டுகிறார்கள்.

வருகிற பணத்தில் ஆஸ்பத்திரியும் ஹெல்த் இன்சூரன்ஸும் பங்கு கேட்கும். விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டிருந்தால் ஆஸ்பத்திரி லியன் (வருகிற இழப்பீட்டில் தன் பாக்கிக்கான சட்டப்பூர்வ உரிமை) போட்டிருக்கலாம். பேசினால் பெரும்பாலும் குறைப்பார்கள், வக்கீல் பேசினால் இன்னும் குறையும். வக்கீல் கட்டணம் பொதுவாகக் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் தொகைக்கு அது கொடுக்கத் தக்கதே. விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஓட்டுநர் மீது வழக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காது.