மழை விட்டும் விடாத வரி

கேள்வி: இரண்டு வரிகள் நாலு நாலு தரம் வரும் வில்லனெல் என்ற வடிவத்தில் மழையைப் பற்றி 19 வரியில் ஒரு கவிதை எழுதினேன். திரும்ப வரும் வரிகள் இரண்டு: "மழை பெய்துகொண்டே இருக்கிறது", "என் மனம் நனைந்துகொண்டே இருக்கிறது". அண்ணா வாசித்துவிட்டு, ரேடியோ விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார். நாலு தரம் திருத்தியும் சரிவரவில்லை. திரும்ப வரும் வரியில் ஒரு சொல்லை மாற்றினால் வடிவம் கெட்டுவிடுமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அண்ணா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விளம்பரத்திலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தரமும் அதே பொருளில். உங்கள் வரிகளும் முதல் தரம் சொன்னதுக்கு மேல் நாலாம் தரம் எதுவும் சொல்லவில்லை. ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் ஒரே விளி திரும்ப வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தரம் போனவர் கட்டிய வீடு வரும், இன்னொரு தரம் அவர் வளர்த்த மாடு வரும். அதனால் விளி ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் போய்க் குத்தும்.

இன்னொரு சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. "இருக்கிறது" என்று வினைமுற்றில் முடிந்தால் வரி அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளும். போதாததுக்கு இயைபு வேண்டும் என்று மற்ற வரிகளையும் "கிறது", "கிறது" என்றே முடித்திருக்கிறீர்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த இயைபு இனாமாகக் கிடைக்கிறது, காதும் அதை இனாமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. விட்டுவிடுங்கள். வரித் தொடக்கத்தில் எதுகை அமைகிற இடத்தில் அமையட்டும். கண்டிப்பான ஆட்கள் இது வில்லனெல்லே இல்லை என்பார்கள். சொல்லட்டும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். திரும்ப வரும் வரிகள் நிற்கிற 1, 6, 12, 18ஆம் வரிகளையும் 3, 9, 15, 19ஆம் வரிகளையும் பென்சிலால் அடித்துவிட்டு மீதி 11 வரிகளை மட்டும் வாசியுங்கள். நான் வாசித்தேன். பத்து வரிகளில் மேகம், துளி, ஜன்னல், ஏக்கம். 11ஆம் வரியில் மட்டும் ஆள் நடமாட்டம் தெரிகிறது: "கொடியில் பாதி காய்ந்த சேலையை அம்மா இழுத்தெடுக்கிறாள்." நாலு தரம் திருத்தியபோதும் இந்த வரியை நீங்கள் தொடவேயில்லை என்று நினைக்கிறேன். நல்ல காலம்.

அதில் பாதியை வெட்டி, திரும்ப வரும் வரியாக வைத்துப் பாருங்கள். வினையே வேண்டாம்.

இருட்டிக்கொண்டு வருகுது, ஓடிப் போய்ப் பார்த்தேன்:
கொடியில் பாதி காய்ந்த சேலை.

பிறகு ஓரிடத்தில்,

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்று
கொடியில் பாதி காய்ந்த சேலை.

ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அது முதலில் பார்த்த சேலை இல்லை. (ஆஸ்பத்திரி என் கற்பனை. உங்கள் அம்மா நன்றாக இருக்கட்டும்.) திருத்த வேண்டியது திரும்ப வரும் வரியை அல்ல, அதற்கு முந்திய வரியை.

இரண்டாவது வரிக்கு, பழமொழியைக் கொஞ்சம் திருப்பி, "மழை விட்டாலும் பீலி விடவில்லை" என்று வைக்கலாம் (கூரைத் தண்ணீர் வடிகிற பீலியைச் சொல்கிறேன்). கடைசி இரண்டு வரிகளில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். அதனால் அந்த முடிவை முதலில் எழுதிப் பாருங்கள். அங்கே ஒட்டாத இரண்டு வரிகளுக்கு நடுவில் என்ன எழுதினாலும் வீண்.

அப்புறம், எந்த மழை? ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டிவிட்டு ஓய்கிற மழைக்கு இந்த வடிவம் சரிவராது. மே மாதக் கடைசியில் கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை வேறு மாதிரி. விட்டதென்று உடுப்பைக் கொடியில் போட்டால் திரும்ப வரும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல் வெளுப்பதை வைத்தே வெள்ளவத்தையில் ஆட்கள் கொடிக்கு ஓடுவார்கள். உங்கள் கவிதையில் கடலே இல்லை!

வில்லனெல் இறுக்கினால் பான்டூம் முயலலாம். நாலு வரிப் பத்தியின் 2ஆம், 4ஆம் வரிகள் அடுத்த பத்தியின் 1ஆம், 3ஆம் வரிகளாகும். மலாய் மொழியின் பந்துனிலிருந்து வந்தது. நம் அந்தாதிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும்.

சரி, நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். ஒரு சொல்லை மாற்றலாம், வடிவம் கெடாது. ஆனால் ஒரே ஒரு தரம், அதுவும் 18ஆம் வரியில் மாற்றினால் போதும். "சேலை" என்பது "சேலையும்" ஆனாலே கூட யாரோ, எதுவோ இருப்பது தெரிந்துவிடும். அதுக்கு முன்னம் ஒன்று: அந்தச் சேலை என்ன நிறம்? கவிதையில் இல்லை. 7ஆம் வரியில் இடம் இருக்கிறது.