கீரை கேளுங்க!

கேள்வி: கடையில் பாக் சோய் என்கிற சீனக் கீரையின் விலை கேட்டால் மயக்கம் வருகிறது என்று விதை வாங்கி, மார்ச் மாதம் பால்கனித் தொட்டியில் போட்டேன். ஆறேழு இலை விட்டதுமே தண்டு நீண்டு மஞ்சளாகப் பூத்துவிட்டது. உரம் போதவில்லையா மேடம்?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீங்க தம்பி. மாதம்தான் தப்பு. பாக் சோய் நம்ம கடுகுக்குப் பங்காளி. பூவைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே. குளிர் வேண்டும் அதற்கு. வெயில் ஏறி, பகல் பொழுதும் நீண்டால், இலை விடுவதை நிறுத்திவிட்டு விதை வைக்க ஓடும். நானும் முதல் வருஷம் பங்குனியில் விதைத்து ஏமாந்தவள்தான். விட மனசில்லாமல் பூந்தண்டையே ஒடித்து வதக்கினேன், லேசான கடுகுக் காரத்தோடு நன்றாகவே இருந்தது.

சென்னையில் இதற்கு ஒரே ஒரு வாய்ப்பு. நவம்பர் கடைசியில், மழை நேராக அடிக்காத இடத்தில் தட்டில் விதையுங்கள். மூன்று வாரத்து நாற்றை அரையடி இடைவெளியில் நட்டால் பொங்கலையொட்டி அறுக்கலாம். மாசி பிறந்தால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

மற்ற மாதங்களுக்கு வள்ளைக்கீரை இருக்கிறதே! மலேசியாவில் காங்கோங் என்று பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கித் தருவதும் இதே கீரைதான். ஒரு சாண் தண்டைக் கணுவோடு நறுக்கி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள்; சில நாளில் கணுவில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஓட்டை போடாத பழைய பெயின்ட் பக்கெட்டை நன்றாகக் கழுவி, சேறும் தண்ணீருமாக வைத்து அதில் ஊன்றிவிடுங்கள். கத்திரி வெயிலிலும் மதமதவென்று படரும். ஊருக்கு வெளியே ஏரி, குளத்தில் படர்ந்திருக்கிறதே என்று பறித்துவிடாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் வளர்ந்தால் ஈயம், காட்மியம் என்று நச்சு உலோகம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

கேள்வி: முளைக்கீரை விதை தூவிய மறுநாளே எறும்பு இழுத்துப் போகிறது. மருந்து அடிக்கலாமா?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: சாப்பிடுகிற கீரைக்கு மருந்தா? தொட்டியைச் சுற்றி ஒரு பிடி அரிசி ரவையைத் தூவுங்கள். எறும்பு அதைச் சுமந்து முடிப்பதற்குள் விதை முளைத்துவிடும். விதையோடு இரண்டு பங்கு மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கும்பலாக விழாது. விதை வாங்கும்போது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ 3' கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிள்ளுக்கீரை ரகம், 20 நாளில் கிள்ள ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் பத்து தடவை வரை கிள்ளலாம். வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி எறும்போடு மல்லுக்கட்ட வேண்டாம் பாருங்கள்.

கேள்வி: என் கீரை மட்டும் வெந்ததும் பாசி நிறத்துக்குப் போய்விடுகிறது. மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பார்க்கிறார்.
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்தப் பார்வை எனக்கும் பழக்கம்! மூடி போட்டு வேக வைக்கிறீர்கள், அதுதான் விஷயம். கீரையின் புளிப்பு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது மூடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பச் சொட்டி பச்சையத்தைக் கெடுக்கும். புளி சேர்ப்பதானாலும் கடைசியில்தான்.

பாக் சோய், வள்ளை இரண்டுக்கும் தண்டு வேறு, இலை வேறாக நறுக்குங்கள். வாணலி நன்றாகக் காயட்டும். நல்லெண்ணெய், தட்டிய பூண்டு ஆறு பல், இரண்டு காய்ந்த மிளகாய். தண்டைப் போட்டு இரண்டு நிமிடம். இலையைப் போட்டுப் புரட்டி, சுருண்டதும் இறக்கிவிடுங்கள். சோயா சாஸ் விட்டால் உப்பு வேண்டாம். "இதென்ன வேகாத கீரை" என்று தட்டை ஓரமாகத் தள்ளியவர்தான் எங்கள் வீட்டுக்காரர். இப்போது ரசம் சாதத்துக்கு அதுதான் வேண்டுமாம்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: வடிகட்டித் தள்ளிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. நாளாக நாளாக மண்ணில் உப்புப் பூத்து இலை ஓரம் கருகும். அதில் மாடியைக் கழுவிவிடுங்கள். கீரைக்கு அரிசி களைந்த தண்ணீர் போதும்.