வாடகை 2,000 ரூபாய் குறைவு, கரண்ட் பில் எவ்வளவு?

கேள்வி: ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போகிறேன். கணவர், இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் நான்கு பேர். ஒரு வீட்டின் மேல்மாடி 32,000 ரூபாய்க்கு இருக்கிறது. கரண்டுக்கு சப் மீட்டர், குளிக்க மின்சார ஷவர் ஹீட்டர். இன்னொன்று அடுக்குமாடி வீடு, 34,000 ரூபாய். தனி மீட்டர், கேஸ் ஹீட்டர். மேல்மாடியையே எடுக்கலாமா? – ஆசிரியை ஒருவர்

பதில்: முற்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள், சகோதரி. என் கணக்கில் 34,000 ரூபாய் வீடுதான் மலிவு. காரணம் அந்த சப் மீட்டர்.

வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு பெரிய எல்லை. அதைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய வீதம் விழும். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். சப் மீட்டர் என்பது வீட்டுக்காரரின் மெயின் மீட்டருக்குப் பின்னால் உங்கள் பாவனையை மட்டும் அளக்கும் கிளை மீட்டர்; அதற்குத் தனி பில் கிடையாது. கீழ்வீட்டார் 90, நீங்கள் 110 அலகு பாவித்தால் பில் 200 அலகுக்கு வரும். தனித்தனி மீட்டரில் இரண்டு வீடும் 120க்குள் நின்றிருக்கும். சேர்ந்ததால் ஆக உயர்ந்த படிக்குப் போய்விடுகிறது. ஏப்ரல் சீசனில் வீட்டுக்காரர் கீழே அறைகளைப் பயணிகளுக்கு விட்டால் அந்தச் சுமையிலும் உங்களுக்குப் பங்கு வரும்.

அடுத்தது சுடுதண்ணீர். 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால், நான்கு பேருக்கு நாளுக்கு 2.3 அலகு, மாதம் 70. ஃபிரிட்ஜ் போடும் முன்பே 60ஐத் தாண்டியாயிற்று. அதே சூட்டுக்கு 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று, குளிக்க மட்டும் என்றால், ஏறக்குறைய ஏழு கிழமைக்கு வரும்.

ஆனால் கேஸ் ஹீட்டர் எங்கே பொருத்தியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். குளியலறைக்கு உள்ளே இருந்தால் அந்த வீடு வேண்டாம், அல்லது வெளிச்சுவருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். குளிருக்காக ஜன்னலைச் சாத்தினால் கார்பன் மொனொக்சைட் உள்ளே தேங்கும்; அதற்கு மணமில்லை, உயிரையே எடுக்கும். குழாயைத் திறந்து பற்றவைத்தும் பாருங்கள். தண்ணீர்த் தாங்கிக்கு நேர் கீழே உள்ள மாடியில் அழுத்தம் குறைந்து ஹீட்டர் பற்றாமலே போகும்.

தனி மீட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். மின்னினால் தண்ணீர் மோட்டரோ படிக்கட்டு விளக்கோ உங்கள் கணக்கில் ஓடுகிறது.

வீட்டைக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கிழக்கே மலை மறைத்தால் வெயில் வரப் பத்து மணியாகும். ஈரம் காயாமல் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படிப்பட்ட அறையில் ஒரு கிலோவாட் ரூம் ஹீட்டரை நாளுக்கு மூன்று மணித்தியாலம் போட்டாலே மாதம் 90 அலகு.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாத பில்களை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். முன்பு எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் விசாரியுங்கள். மேல்மாடிதான் பிடித்திருக்கிறது என்றால், உங்கள் அலகுகளைத் தனி வீட்டுக்குரிய படிகளின்படியே கணக்கிடுவதாக ஒப்பந்தத்தில் எழுதி, குடிபோகும் நாளில் இரண்டு மீட்டரின் வாசிப்பையும் அதிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.